பிரம்பைப் பார்த்தோம், பக்கத்துக் கதிரையைப் பார்த்தோமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வளர்க்கிறவர்கள் நேரம் ஒதுக்கி வாசியுங்கள். முக்கியமாக வாப்பாமார்.

இரண்டு கிழமைக்கு முன் எங்கள் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. சீனாவில் ஒரு வீடு. ஏழெட்டு வயதுப் பையன் மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்கிறான். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. பக்கத்தில் அவனுடைய தாய், கையில் மெல்லிய பிரம்பு. பிழை விட்ட இடத்தைத் தட்டிக்காட்டி ஏசுகிறார். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இப்படி வளர்க்கிறதாலதான் சீனா முன்னுக்கு நிக்குது. நாங்க செல்லம் குடுத்துக் கெடுக்கிறோம்." நிறையப் பேர் அதை ஆமோதித்திருந்தார்கள்.

அடுத்த நாள் காலை ஒரு தந்தை தரம் 4 படிக்கும் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், இவனுக்கு நல்லா அடிங்க. நான் ஒண்டும் கேக்கமாட்டன். சீனாக்காரன் பிள்ளைகள இப்பிடித்தானே வளக்கிறான்."

பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று சுற்றுநிருபம் இருப்பதைச் சொன்னேன். பிறகு சாதாரணமாகக் கேட்டேன்: "நானா, மகன் இப்ப கணிதத்தில எதுல கஷ்டப்படுறார் என்று தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டே மெல்லச் சொன்னான்: "பின்னம்."

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனதில் கிடந்தது. அந்த வீடியோவைப் பார்த்த எல்லோரும் பிரம்பைப் பார்த்தோம். அந்தத் தாய் கதிரை போட்டு மகனுக்குப் பக்கத்தில் இருந்ததை யாரும் பேசவில்லை. சீனப் பெற்றோரிடமிருந்து நாம் எதையாவது எடுக்கப் போகிறோம் என்றால், முதலில் அவர்கள் பெற்றோர் என்ற வேலையை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்கிறேன். கலாசாலையில் கல்வி உளவியல் படிக்கும்போது டயானா போம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் பாகுபாட்டை நாங்கள் எல்லோரும் பாடமாக்கினோம். 1960களில் அவர் பிள்ளை வளர்ப்பை மூன்றாகப் பிரித்தார். சொன்னதைச் செய் என்று மட்டும் சொல்லும் அதிகாரப் பாணி. விதியும் வைத்து, அன்பும் காட்டி, காரணமும் சொல்லும் பாணி. எதற்கும் விட்டுக்கொடுக்கும் பாணி. இரண்டாவதுதான் சிறந்தது, முதலாவதில் வளரும் பிள்ளை பின்தங்கும் என்பது பாடம். முதலாம் பாணிக்கு உதாரணம் எழுதச் சொன்னால் சீனா, ஜப்பான் என்று எழுதிவிட்டு வருவோம். புள்ளியும் கிடைக்கும்.

அப்படியென்றால் சீனப் பிள்ளைகள் படிப்பில் ஏன் பின்தங்கவில்லை? இந்தக் கேள்வியை 1994 இல் ரூத் சாவ் என்ற ஆய்வாளர் கேட்டார். அமெரிக்காவில் குடியேறிய சீனத் தாய்மார் 50 பேரையும், ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கத் தாய்மார் 50 பேரையும் அவர் ஒப்பிட்டார். போம்ரிண்டின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் சீனத் தாய்மார் அதிகாரப் பாணியில் கூடுதல் புள்ளி எடுத்தார்கள். ஆனால் அந்த அளவுகோல் பிடிக்காத வேறொன்றும் அவர்களிடம் இருந்தது என்று சாவ் காட்டினார். சீன மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது: 'குவான்'.

குவான் என்றால் ஆளுதல், கட்டுப்படுத்துதல். அதே சொல்லுக்குப் பொறுப்பெடுத்தல், பார்த்துக்கொள்ளுதல் என்றும் பொருள். நமக்கு இவை இரண்டு வேறு வேலைகள். ஒருவர் கண்டிப்பார், மற்றவர் கவனிப்பார். சீன மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். ஒரு பிள்ளையைக் காட்டி "இதைக் குவான் செய்ய ஆள் இல்லை" என்று சொன்னால், அந்தப் பிள்ளை சுதந்திரமாக இருக்கிறது என்று யாரும் விளங்கமாட்டார்கள். கேட்பாரற்ற பிள்ளை, பாவம் என்றுதான் விளங்குவார்கள்.

அதனால்தான் அந்த வீடியோவில் நாம் கண்டிப்பு மட்டும் பார்த்த இடத்தில், சீனாவில் வளர்ந்த ஒருவர் "அந்தத் தாய் அவனைக் கைவிடவில்லை" என்பதையும் பார்க்கக்கூடும். அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த எண்ணம் நேற்று வந்ததல்ல. கன்பூசியஸின் வழியில் வந்த பெரிய அறிஞர் மென்சியஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டுக்காரர். அவருடைய தாயின் கதை சீனாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தகப்பன் இல்லாத வீடு. முதலில் மையவாடிக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். பிள்ளை சாவுச் சடங்கு செய்து விளையாடியது. சந்தைக்குப் பக்கத்தில் மாறினார்கள். பிள்ளை வியாபாரி மாதிரிக் கூவி விளையாடியது. மூன்றாவதாகக் கல்விக்கூடத்துக்குப் பக்கத்தில் போனார்கள். அங்கே பிள்ளை மரியாதையும் படிப்பும் பழகியது. தாய் அங்கேயே தங்கிவிட்டார். இன்னொரு நாள் மகன் படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தபோது, தறியில் தான் நெய்துகொண்டிருந்த துணியை அவன் கண்முன்னாலேயே வெட்டினாராம். பாதியில் விட்டால் இப்படித்தான் என்று காட்ட.

கதையைக் கவனியுங்கள். வீடு மாறியவர் தாய். வெட்டுப்பட்டது தாயின் உழைப்பு. பிள்ளையைத் திருத்த வேண்டும் என்றால் முதலில் பெரியவர் தன் வாழ்க்கையில் எதையாவது மாற்ற வேண்டும், இழக்க வேண்டும். சீன மரபு பெற்றோருக்குக் கொடுத்த வேலை அது.

இன்றைக்கும் அந்தத் தாய் வீடு மாறிக்கொண்டுதான் இருக்கிறார். சீன நகரங்களில் நல்ல பாடசாலையின் எல்லைக்குள் இருக்கும் பழைய, சின்ன வீடுகளுக்கு மலைக்கவைக்கும் விலை. பிள்ளையின் அனுமதிக்காகப் பெற்றோர் அதை வாங்குகிறார்கள். அன்ஹுய் மாகாணத்தில் மாவோதான்சாங் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சைக்குத் தயார்படுத்துவதற்குப் பேர்போன பாடசாலை அங்கே. ஆயிரக்கணக்கில் மாணவர்கள். வேலையை விட்டு, ஊரை விட்டு வந்த தாய்மார் பாடசாலையைச் சுற்றி ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்கள். சமைத்துக் கொடுத்து, துணி துவைத்து, இரவில் பிள்ளை வரும்வரை விழித்திருக்கிறார்கள். பிள்ளை வகுப்பில் இருக்கும் நேரத்தில் அங்குள்ள தையல் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களும் உண்டு. 'படிப்புக்குத் துணையிருக்கும் அம்மா' என்று சீன மொழியில் இவர்களுக்குத் தனிப் பெயரே இருக்கிறது.

இவ்வளவு ஏன்? காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, பரீட்சை. சீனாவில் அரச அதிகாரிகளைப் பரீட்சை வைத்துத் தெரிவுசெய்யும் முறை சுமார் 1300 வருடம் இருந்து 1905 இல் முடிந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை மேலே வர ஒரு வழி இருக்கிறது, அது படிப்பு என்ற நம்பிக்கை அங்கே வேர் விட்டது. கலாசாரப் புரட்சியில் நின்றுபோன பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சை 1977 இல் திரும்ப வந்தது. 'காவ்காவ்' என்று அதற்குப் பெயர். 2024 இல் அதற்கு விண்ணப்பித்தவர்கள் 1 கோடி 34 இலட்சம் பேர்.

இரண்டு, ஒரு பிள்ளைச் சட்டம். 1980 தொடக்கம் 2015 வரை நகரக் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே பிள்ளை. தாத்தா பாட்டி நாலு பேர், தாய் தகப்பன் இரண்டு பேர், பிள்ளை ஒன்று. ஆறு பேருடைய ஆசையும் பயமும் ஒரு தலையில் இறங்கியது.

மூன்று, முதுமை. சீன அரசியலமைப்பின் 49 ஆம் உறுப்புரை இரண்டு கடமைகளை ஒன்றாகச் சொல்கிறது. பெற்றோர் பிள்ளையை வளர்த்துப் படிப்பிக்க வேண்டும். வளர்ந்த பிள்ளை பெற்றோரைத் தாங்க வேண்டும். தனியாக வாழும் வயதான பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று 2013 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலேயே எழுதினார்கள். ஆகவே ஒரு பிள்ளையின் படிப்பு அந்த வீட்டின் எதிர்காலம் முழுவதும்.

இதுவரை வாசித்துவிட்டு "பார்த்தீர்களா, சீனாக்காரன்தான் சரி" என்று யாராவது பகிர்ந்துவிடாதீர்கள். இனித்தான் முக்கியமான பகுதி.

ஷங்காயில் ஃபூ லெய் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கைச் சீன மொழிக்குக் கொண்டுவந்தவர். மகன் ஃபூ சொங்குக்குப் பியானோவில் திறமை இருப்பதைக் கண்டு, மகனை வீட்டில் வைத்துத் தானே பாடம் தெரிவுசெய்து படிப்பித்தார். குவான் என்ற சொல்லின் இரண்டு பக்கமும் அந்த மனிதரிடம் இருந்தது. நேரத்தைக் கொடுத்தார், அறிவைக் கொடுத்தார், அடியும் கொடுத்தார். கடுமையான அடி.

1954 இல் மகன் வீட்டை விட்டுப் புறப்பட்டார், போலந்தில் இசை படிக்க. அவர் போன உடனேயே தகப்பன் எழுதத் தொடங்கிய கடிதங்களில், மகனின் சின்ன வயதில் தான் நடந்துகொண்ட விதத்தை நினைத்து வருந்துகிறார். தான் அவனுக்கு அநியாயம் செய்துவிட்டதாகவும் அந்தக் குற்ற உணர்வு தன்னை விடவில்லை என்றும் எழுதுகிறார். மகன் 1955 இல் வார்சோவில் நடந்த சோப்பான் போட்டியில் மூன்றாம் இடம் எடுத்தார். உலகம் கைதட்டியது. அதற்காக அந்தத் தகப்பன் "என் அடிதான் இவனை உருவாக்கியது" என்று பெருமை பேசவில்லை.

1966 இல் கலாசாரப் புரட்சியின் துன்புறுத்தல் தாங்காமல் ஃபூ லெய்யும் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மகன் அப்போது இங்கிலாந்தில். கடைசியாக ஒருமுறை பார்க்கவும் கிடைக்கவில்லை. அந்தக் கடிதங்கள் 1981 இல் புத்தகமாக வந்தன. சீனப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொன்ன புத்தகங்களில் அதுவும் ஒன்று.

நான் இதில் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரு விஷயம். அந்த மகன் பிள்ளையாக வீட்டில் இருந்தபோது அடி கிடைத்தது. வருத்தம் கடிதத்தில்தான் கிடைத்தது. பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா?

இன்றைய சீனாவும் இந்தக் கேள்வியைக் கேட்கிறது. பிள்ளையை ஓயாமல் முடுக்கிவிடும் பெற்றோரைக் கேலியாக, பிள்ளைக்குக் 'கோழி இரத்தம்' ஏற்றுகிறவர்கள் என்று சொல்கிறார்கள். எல்லோரும் ஓடுவதால் யாருக்கும் பலனில்லாமல் போகும் போட்டிக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். போதும், நான் ஓடவில்லை, படுத்துக்கொள்கிறேன் என்று இளைஞர்கள் 2021 இல் சொல்லத் தொடங்கியது பெரிய பேச்சானது. பிள்ளையின் பொறுப்பு முழுவதும் தாயின் தலையில் விழுந்து, தகப்பன் இருந்தும் இல்லாத வீட்டுக்கு 'விதவைப் பிள்ளை வளர்ப்பு' என்று ஒரு கசப்பான பெயரும் உண்டு. வாப்பாமார் இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

அரசாங்கமும் தலையிட்டது. 2021 ஜூலையில், கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் பிரதான பாடங்களில் இலாபத்துக்கு நடத்தும் ரியூஷனைத் தடுத்தார்கள். வார இறுதியிலும் விடுமுறையிலும் அந்த வகுப்புகள் கூடாது என்றார்கள். தரம் 1, 2 பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் இல்லை. தரம் 3 முதல் 6 வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. 2022 ஜனவரி 1 முதல் குடும்பக் கல்விக்கென்றே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைக்குப் படிப்பு, ஓய்வு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்குவது பெற்றோரின் கடமை, பிள்ளையை வளர்ப்பதில் வன்முறை கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கடமையை விட்ட பெற்றோருக்கு உத்தரவு பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமும் இருக்கிறது.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். நாம் எந்தப் பிரம்பைப் பார்த்து ஆசைப்படுகிறோமோ, அதைக் கீழே வைக்கச் சொல்லிச் சீனாவே சட்டம் போட்டிருக்கிறது. சட்டம் போட்டவுடன் எல்லா வீடும் மாறிவிடாது. ரியூஷனும் ஒளித்து நடக்கத்தான் செய்கிறது. ஆனால் எது பிழை என்று அவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொன்று. 2011 இல் ஏமி சுவா என்ற அமெரிக்கப் பேராசிரியை எழுதிய புத்தகத்தால் 'புலித்தாய்' என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது. சீனத் தாய் என்றால் புலி என்று எல்லோரும் முடிவெடுத்தோம். 2013 இல் சு யியொங் கிம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 444 சீன அமெரிக்கக் குடும்பங்களை எட்டு வருடம் தொடர்ந்து பார்த்தது அது. அங்கே அதிகமாக இருந்தவர்கள் புலிகள் அல்ல. அன்பும் வழிகாட்டலும் கூடிய, கடுமை குறைந்த பெற்றோர்தான் அதிகம். படிப்பிலும் மன நலத்திலும் நன்றாக இருந்ததும் அவர்களுடைய பிள்ளைகள்தான். புலிப் பெற்றோரின் பிள்ளைகள் பரீட்சைப் பெறுபேற்றில்கூட அவர்களுக்குக் கீழே. மனச்சோர்வு கூட. பெற்றோரிடமிருந்து விலகலும் கூட.

அதாவது குவான் வேலை செய்த வீடுகளில் வேலை செய்தது பக்கத்தில் இருந்ததுதான்.

சீனாவில் எல்லாப் பிள்ளைக்கும் பக்கத்தில் கதிரை இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். பெற்றோர் நகரங்களுக்கு வேலைக்குப் போக, கிராமத்தில் விடப்பட்ட பிள்ளைகள் 6 கோடிக்கு மேல் என்று 2013 இல் அந்த நாட்டின் மாதர் சம்மேளனம் கணக்குச் சொன்னது. பாட்டியோடு வளர்ந்து, வருடத்தில் ஒரு தரம் புதுவருடத்துக்கு உம்மா வாப்பாவைக் காணும் பிள்ளைகள். அந்தப் பெற்றோர் கெட்டவர்கள் அல்ல. பிள்ளைக்காகத்தான் போனார்கள். நம் ஊரில் மத்திய கிழக்குக்குப் போன உம்மாமாரின் பிள்ளைகளை உம்மும்மாவின் கையில் பார்த்துப் பழகிய எனக்கு, இந்தப் பகுதியை விளங்க எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.

ஆகவே இது யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பதிவல்ல. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்கு வீடு வரும் வாப்பாவின் களைப்பு எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து போனில் மட்டும் பிள்ளையோடு கதைக்கும் உம்மாவின் அழுகையும் தெரியும். எல்லோராலும் மணிக்கணக்கில் பக்கத்தில் இருக்க முடியாது.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம். போனைத் தூர வைத்துவிட்டு, பிள்ளையின் கொப்பிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. "இன்றைக்கு எது விளங்கல்ல?" என்று கேட்டால் போதும். வெளிநாட்டில் இருப்பவர்கள் "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். ரியூஷன் காசு கட்டியதோடு நம் பொறுப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிள்ளையை ஏச வேண்டி வந்தாலும், எந்தப் பிழைக்கு ஏசுகிறோம் என்று தெரிந்து ஏசுங்கள். கை நீட்டாதீர்கள்.

நேற்று அந்த வாப்பா பாடசாலை கேற்றடியில் நின்றார். என்னைக் கண்டதும் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார்.

"டீச்சர், ரெண்டு மூணு நாளா பக்கத்துல இருந்து பாத்தன். பின்னம் எனக்கும் விளங்கல்ல. கடைசில அவன்தான் எனக்கு ரொட்டியப் பிச்சிக் காட்டிச் சொல்லித் தந்தான்."

அரைவாசிக்குள் கால்வாசி எத்தனை என்று போன மாதம் சொல்லத் தெரியாத பிள்ளை, வாப்பாவுக்கு ரொட்டி பிய்த்துக் காட்டியிருக்கிறான். எனக்கு இந்த வருடத்தில் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

அந்தச் சீன வீடியோவைப் பகிர்ந்த குழுக்களில் இதையும் பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், கதைப்போம். நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக.